விரலில் மண் ஒட்டாத சிற்பி

கல்கத்தாவில் கொசுவுக்கு அடுத்தபடியாக மழைக்காலத்தில் பெருகும் உயிரினம் ஒன்று உண்டு: விரலில் மண் படாமலே துர்க்கை சிலை செய்யும் மகா கலைஞர். தோளில் சால்வை, தாடியில் யோசனை, சட்டையில் ஒரு சொட்டுச் சாயம். அந்தச் சொட்டை வீட்டிலேயே தெளித்துக்கொண்டு வந்துவிடுவார்.

சிலை செய்கிறவர்களே குடியிருக்கும் எங்கள் குமார்துலி சந்துக்கு வருபவர் சர்க்கேல் பாபு. ஆனி மாதம் ஒருநாள் டிராம் டிக்கெட்டின் முதுகில் நான்கு கோடு கிழித்துக் கொடுப்பார். அதற்குப் பிறகு மூங்கில் கட்டி, வைக்கோல் சுற்றி, ஆற்று மண் குழைத்து, பத்துக் கைகளுக்கும் விரல் விரலாக உயிர் கொடுத்து, இடுப்பு ஒடிந்து நிமிர்வது மினதி அக்கா. கடைசியில் மஹாளய நாளன்று பாபு வந்து கண் திறப்பார். தூரிகையால் இரண்டு இழுப்பு. உடனே பூஜைப் பந்தல் பலகையில் ஓர் ஆள் உயரத்துக்கு அவர் பெயர்.

இந்த வருடம் அக்கா வாய்விட்டே கேட்டாள்.

“பாபு, உங்க பேருக்குக் கீழ, சின்னதா என் பேரும் போடச் சொல்றீங்களா? என் பொண்ணு இப்ப எழுத்துக்கூட்டிப் படிக்கிறா.”

“கங்கைக்கு எத்தனை பேரும்மா? ஒண்ணுதானே?”

“வந்து சேர்ற ஆத்துக்கெல்லாம் தனித்தனியா பேர் இருக்கே, பாபு.”

பாபுவுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

பட்டறையில் எந்தச் சிலை எந்தப் பூஜைச் சங்கத்துக்கு என்று கழுத்தில் சிலேட்டு தொங்கும். மஹாளயத்தன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அக்காவின் சிலைக்கும் பக்கத்தில் நிதாய் சித்தப்பா செய்த சிலைக்கும் சிலேட்டுகள் இடம் மாறிவிட்டன. யார் மாற்றியது என்று என்னைப் பார்க்காதீர்கள். பார்த்தாலும் சொல்ல மாட்டேன்.

மாலையில் பாபு டீவிக்காரர்களோடு வந்தார். பெற்ற பிள்ளையைக் கழுத்துச் சிலேட்டைப் படித்தா அடையாளம் காண்பார்கள்? பாபு படித்தார். நேராகப் போய் நின்றார்.

“மூணு மாசம் தூக்கமில்ல. இந்த ஒவ்வொரு விரலும் என் ரத்தம்!” என்று கண் கலங்கி, தூரிகையை ஓங்கினார்.

“ஐயோ பாபு, நிறுத்துங்க! அது நிதாய் சித்தப்பா செஞ்சது!”

கத்தியது அக்காதான். பேசாமல் இருந்திருந்தால் பாபுவின் மானம் இன்னும் நன்றாகவே போயிருக்கும். ஆனால் சித்தப்பாவின் சிலை கெடுமே! அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

டீவிப் பெண் மைக்கை அக்கா பக்கம் திருப்பினாள். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“என் தேவிக்கு இடப்பக்கம் கடைசிக் கையில மோதிர விரல் லேசா வளைஞ்சிருக்கும். என் பொண்ணு விரலைப் பார்த்துச் செஞ்சேன்.”

பாபு விழுந்துவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனம் விழாது.

“சபாஷ்! சோதிச்சுத்தான் பார்த்தேன்! இவ யாரு தெரியுமா? என் வலது கை!”

“அப்ப அந்தக் கைக்கும் ஒரு பேர் போட்டுருங்க, பாபு,” என்றாள் அக்கா. “கேமரா ஓடுறப்பவே சொல்லிடுங்க.”

“போட்டுட்டா போச்சு!” என்றார் சித்தப்பா, பாபுவுக்காக. சந்து முழுக்கக் கைதட்டியது. பாபுவும் தட்ட வேண்டியதாயிற்று.

பூஜை தொடங்கும் சஷ்டியன்று பந்தல் பலகையில் அவர் பெயருக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ‘மினதி’ என்று இருந்தது. அவள் மகள் எழுத்துக்கூட்டி ஏழு தடவை படித்தாள். எனக்குக் கண்ணில் என்னமோ விழுந்தது, பந்தலில் ஒரே தூசு. அதே நேரம் ஒலிபெருக்கியில் பாபு பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்: “கைவினைஞர் பெயரையும் போடணும்கிறது என்னோட யோசனை!”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மீன் குழம்பை ருசித்து “அபாரம்!” என்றபோது, அடுப்படியில் நின்றவள் முகத்தைத் துடைப்பதற்குள், “மீனை நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன்” என்றது யார் வாய்?