திசை சித்தரின் இடது மூலை

காலடிப்பேட்டையில் விடிந்ததும் இரண்டு வரிசை நிற்கும். ஒன்று தண்ணீர் லாரிக்கு. இன்னொன்று திசை சித்தருக்கு. லாரி சில நாள் வராது. சித்தர் ஒரு நாளும் தவறியதில்லை.

இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள் கையில் குடம் இருக்காது, டேபிள் டென்னிஸ் பேட் இருக்கும். மாடி அறையில் சித்தர் கண்ணை மூடுவார். உடைத்த கப்பலிலிருந்து வாங்கிய பழைய காம்பஸை பேட்டின் மேல் வைத்து மூன்று சுற்று சுற்றுவார். அன்றைய சூலம் எந்தத் திசை, உங்கள் ராசி என்ன, எல்லாவற்றையும் பிசைந்து, உங்கள் பேக்ஹேண்ட் அடி எந்த மூலைக்குப் போனால் வெற்றி என்று அருளுவார். காணிக்கையாக, பேட்டின் இரு பக்கமும் ஒட்டும் ஒரு ஜோடி புது ரப்பர் வைக்க வேண்டும். அது கீழே அவருடைய மச்சான் கடையிலேயே கிடைக்கும். வைத்த ரப்பர் சாயங்காலமே அதே கடைக்கு இறங்கிப் போய் மறுநாள் இன்னொரு பக்தருக்கு விலைக்குப் போகும். மறுபிறவியை நம்பாதவர்கள் அந்தக் கடைக்குப் போய்ப் பார்க்கலாம்.

சித்தரின் பழைய பெயர் தனசேகர். மாதவரத்தில் லாரிகளுக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிக்கொண்டிருந்தவர். இந்த ஆட்டத்தில் ஒரு கேம் முடிந்ததும் இருவரும் பக்கம் மாறி நிற்க வேண்டும், அப்போது கிழக்கு மேற்காகிவிடுமே, சூலம் என்ன செய்யும் என்று நான் ஒருமுறை கேட்டேன். வரிசையில் நின்ற ஐம்பது பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

அருள்வாக்குக்கு ஒரே ஒரு நிபந்தனை. உங்களுக்குச் சொன்ன மூலையை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. எங்கள் ஜனங்கள் டீக்கடையில் மாமியார் சண்டையைச் சொல்வார்கள், மாப்பிள்ளை வாங்கிய அறையைச் சொல்வார்கள், வயிற்றுப்போக்கைக்கூட விவரமாகச் சொல்வார்கள். இந்த மூலையைப் பற்றி மட்டும் நாலு வருஷமாக யாரும் வாய் திறந்ததில்லை!

வருஷா வருஷம் துறைமுகப் பக்கத்துக் கண்டெய்னர் கிடங்கு ஒன்று பெண்களுக்குப் போட்டி வைக்கும். ஜெயித்தவளுக்கு, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் நிரந்தர வேலை. போன வருஷம் கடைசி ஆட்டம் வரை வந்து தோற்றவள் சிவந்தி. காசிமேட்டில் கருவாடு விற்கும் ஞானபாக்கியத்தின் மகள். இந்த வட்டாரத்திலேயே அவள் பேக்ஹேண்டுக்கு ஈடு கிடையாது. ஆனாலும் தோற்றாள். சித்தர் சொன்ன மூலைக்குத்தான் அத்தனை பந்தையும் போட்டாள். காரணம் கேட்டதற்கு சித்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "உன் தாயின் கையில் கருவாட்டு வாடை. அதுதான் அருளைத் தடுத்தது."

ஞானபாக்கியம் அன்றிலிருந்து ஒரு வருஷமாக மகளின் பேட்டைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வியாபாரத்தையும் விட்டாள். புருஷன் இல்லாத வீடு, கருவாடுதான் சோறு. என் கையால்தானே பெண்ணுக்கு வேலை போச்சு என்று தனக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருஷமும் சிவந்தி கடைசி ஆட்டத்துக்கு வந்தாள். எதிரே கொருக்குப்பேட்டை சபீஹா. இருவரும் ஒரே கிளப்பில் ஆடும் தோழிகள். இரண்டு வீட்டுக்குமே அந்த வேலை தேவை. வெள்ளிக்கிழமை சிவந்தியைத் தாய் சித்தரிடம் கூட்டிப்போனாள். சனிக்கிழமை சபீஹாவை அவள் அத்தா கூட்டிப்போனார். அன்று சாயங்காலம் கிளப் வாசலில் சபீஹா சிவந்தியை மடக்கினாள்.

"ஏய், உனுக்கு எந்த மூல குட்த்தாரு?"

"சொல்லக் கூடாதுடி. பலிக்காது."

"அப்ப நானே சொல்றேன். உன் பேக்ஹேண்ட் மொத்தமும் என் இடது மூலைக்கே வரும், அங்கியே நின்னுகினு இருன்னாரு. கண்ண மூடினா தெரியுதாம்."

சிவந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "எதிராளியோட இடது மூலைக்கே போடு, வேற எங்கியும் போடாதன்னுதான் எனுக்கு சொன்னாரு."

"பாத்தியா உடான்ஸ! உன்னாண்ட போடுன்னு சொல்ட்டு, என்னாண்ட வரும்னு சொல்றான். இதுக்கு இன்னாத்துக்கு கண்ண மூடணும்?"

"நீ கம்முனு இருந்திருந்தா நாளிக்கு உனுக்குத்தானே வேல?"

"எனுக்கு வேல வோணும்தான். அந்த ஆளு போட்ட பிச்சையா வோணாம். இன்னிக்கு உன்ன வித்தான், நாளிக்கு என்ன எவளாண்ட விப்பானோ!"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உட்கார இடமில்லை. முதல் வரிசையில் மாலையும் கழுத்துமாகச் சித்தர், மடியில் காம்பஸ். ஆட்டம் தொடங்கும் முன் சபீஹா அவர் எதிரே போய்க் கும்பிட்டாள்.

"சாமி, ஜனங்க உங்க சக்திய கண்ணால பாக்கட்டும். நான் பத்து பந்து போடறேன், சிவந்தி பேக்ஹேண்ட்ல அடிப்பா. எங்க வரும்னு முன்னாடியே சொல்லுங்கோ."

கூட்டம் கைதட்டியது. சித்தர் காம்பஸைச் சுற்றினார். கண்ணை மூடினார். உதடு துடித்தது. "பத்தும் உன் இடது மூலைக்கே வரும், மகளே!"

முதல் பந்து. சிவந்தி நேர்கோட்டில் அடித்தாள், சபீஹாவின் வலது மூலை. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவது மூலைக்கே போகவில்லை, சபீஹாவின் பேட் பிடித்த கை முழங்கையைக் குறிவைத்து நடுவில் பாய்ந்தது. அங்கே வந்த பந்தை எந்தப் பக்கத்தால் அடிப்பது என்று எவருக்கும் ஒரு நொடி தடுமாறும்.

"சாமி, நடுவுல போறது எந்தத் தெச?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

பத்தும் முடிந்தது. இடது மூலைக்கு ஒன்றுகூட வரவில்லை. சித்தருக்குச் செந்தமிழ் கழன்று விழுந்தது. எழுந்து நின்று சிவந்தியைப் பார்த்துக் கத்தினார்: "இன்னாம்மே, டபாய்க்கிறியா? இடது மூலைக்குப் போடுன்னு உன்னாண்ட படிச்சுப் படிச்சு சொன்னேன்ல!"

சபீஹா மெதுவாகக் கேட்டாள். "அப்ப காம்பஸ் சொல்லலியா? நீயே அவளாண்ட சொல்லி அனுப்பிட்டு, என்னாண்ட கண்ண மூடிகினு கண்டேன் கண்டேன்னியா?"

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். போன வருஷம் ஜெயித்து வேலை வாங்கிய உமைமா. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. "போன வருஷம் எனுக்கும் இதான் சொன்னாரு. சிவந்தி பந்து எல்லாம் இடது மூலைக்கு வரும்னு. அப்பிடியே வந்துச்சு. நான் சக்தின்னு நெனச்சுகினேன்."

அவ்வளவுதான், நாலு வருஷமாகப் பூட்டிய வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன. "எனுக்கு வலது மூலன்னாரு!" "உன் பந்து வலதுக்கு வரும்னு எனுக்கு சொன்னாரே!" "அடப்பாவி, ரெண்டு பேராண்டயும் ரப்பர் வாங்கினானா!" ஒருவன் ஜெயித்தால் அருள், ஒருவன் தோற்றால் வாடை. சித்தருக்கு எந்த ஆட்டத்திலும் தோல்வி கிடையாது.

அவர் மாலையைக் கழற்றிவிட்டு வாசல் பக்கம் நழுவினார். அங்கே ஞானபாக்கியம் நின்றிருந்தாள்.

"ஒரு வருசம்டா! எம் பொண்ணு பேட்ட நான் தொடல. சோறு போட்ட கைய நானே திட்டிகினு கெடந்தேன். நீ பண்ண திருட்டுக்கு என் கருவாட்டு மேலயா பழி போட்ட?" அவள் அடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு. இது ஒழைச்ச வாட. உன்னாண்ட இன்னா வாட வருதுன்னு இவங்கள கேளு!"

பிறகு நிஜமான ஆட்டம் நடந்தது. ஐந்தாவது கேம், பதினொன்றுக்கு ஒன்பது. சிவந்தி ஜெயித்தாள். சபீஹா அழுதாள், ஏன் அழ மாட்டாள், போனது வேலை அல்லவா? கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் அத்தாவிடம் சொன்னாள்: "அவ நான் நிக்கிற எடம் பாத்து அடிச்சா, நான் தோத்தேன். காரணம் தெரியுது அத்தா, அடுத்த வருசம் சரி பண்ணிப்பேன்."

இத்தோடு ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மறுநாள் காலை சிவந்தி வீட்டு வாசலில் ஏழு பேர் நின்றார்கள். கையில் பேட், தட்டில் வெற்றிலை பாக்கு.

"அம்மாடி, ஜெயிச்ச கை. எங்க பேட்ட ஒரு வாட்டி தொட்டுக் குடேன்."

வேலையில் சேரக் கிளம்பிக்கொண்டிருந்த சிவந்தி தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். "நேத்துதானே ஒருத்தன தொரத்துனோம்? அவன் எடத்துல என்ன குந்த வெக்க வந்துகிறீங்களா? எதிர்ல நிக்கிறவன் எங்க நிக்கிறான்னு பாக்க ஆண்டவன் உங்களுக்கும் ரெண்டு கண்ணு குட்த்துகிறான் இல்ல? தொறந்து பாருங்கோ!"

ஏழு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். தெருமுனை திரும்பியதும் ஒருவர் மற்றவரிடம் கிசுகிசுத்தார்: "கண்ணத் தொறக்கணுமாம். எந்த நாள்ல, எந்தத் தெச பாத்துன்னு கேக்காம வந்துட்டோமே!"