துரையின் காட்சியில் எங்கள் கூரை

வை ஆற்றங்கரை, ராஸ் ஊருக்குத் தெற்கே
செப்டம்பர், 1795

கூரை வேய்வதில் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நிகரில்லாத மைத்துனர் ஏனோக் லட்லோ அவர்களுக்கு, ஓபதையா ப்ராஸர் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். பசுக்கள் நலம். உம் தங்கை கெசியா, இருமலைத் தவிர்த்துப் பார்த்தால், நலம். அங்கே நீரும் உம் மனைவியும், போன தடவை என்னை முட்டித் தள்ளிய அந்த ஆடும் நலமாயிருக்கக் கர்த்தர் அருள்வாராக.

மரியாதை முடிந்தது, இனி விஷயம். எங்கள் கூரை ஒழுகுகிறது மச்சான். ஏதோ மூலையில் சொட்டுகிறது என்று நினைத்துவிடாதீர். கட்டிலை இந்தச் சுவரோரம் போட்டுப் பார்த்தாயிற்று, அந்தச் சுவரோரம் போட்டுப் பார்த்தாயிற்று, இப்போது எனக்கும் உம் தங்கைக்கும் நடுவே பால் வாளி ஒன்று படுத்துக்கொள்கிறது. புரண்டு படுத்தால் யாராவது ஒருவர் நனைகிறோம். கூரை வேய்கிறவனை மச்சானாக வைத்துக்கொண்டு இப்படிக் கிடக்கிறாயே, வெட்கமாயில்லையா என்று நீர் கேட்பீர். நியாயம்தான். ஆனால் ஒரு வைக்கோலைத் தொட்டாலும் வீட்டைக் காலிசெய்துவிட வேண்டும் என்று வீட்டுக்குச் சொந்தக்காரரான பெரிக்ரின் துரை சொல்லிவிட்டார். ஏன் என்றால், எங்கள் கூரை அழகாக இருக்கிறதாம்.

சிரிக்காதீர். இரண்டு வருஷத்துக்கு முன்வரை துரையும் நம்மைப்போல மனிதராகத்தான் இருந்தார், நரி வேட்டையாடுவார், ஆப்பிள் மது குடிப்பார், குத்தகையில் ஒரு பென்னி குறைந்தால் கத்துவார். பிறகு ஒரு கோடையில் எங்கேயோ மலைப் பக்கம் போய்வந்தார், அங்கே இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது சட்டம் போட்டு மாட்டிய சித்திரம் மாதிரி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்குவதில்லை. அவர் மாளிகையின் சாப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆறு, ஆற்றின் வளைவு, வளைவில் நான். என் கெட்ட காலம் மச்சான், என் வீடு சரியாகச் சித்திரத்தின் நடுவில் வந்துவிட்டது.

போன வசந்தத்தில் கெசியா சுவருக்கு வெள்ளையடித்தாள். பாவம், ஈஸ்டருக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டுமே என்று. துரை கைத்துவாலையைக் கழுத்திலிருந்து எடுக்காமலே ஓடிவந்தார். "என்னய்யா ப்ராஸர், பண்ணிட்டே! நான் வாயிலே வச்ச முட்டை அப்படியே நின்னு போச்சு. பச்சைக்கு நடுவிலே பல்லு மாதிரி இளிக்குதேய்யா உன் வீடு!" என்றார். மோரில் புகைக்கரியைக் கலந்து சுவர் முழுக்க நாங்களே பூசினோம். அடுத்து, நான் புதிதாகச் செய்து போட்ட படல் கதவு. அது நேராக நிற்கிறதாம். சுத்தியலை வாங்கி அவரே இரண்டு போடு போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, மூன்றாவதாக ஒன்று போட்டார். அதிலிருந்து பன்றி எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. பசுக்கள் நாலில் ஒன்றைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொன்னார். "மூணு பசு நின்னா காட்சி. நாலு நின்னா சந்தை," என்றார். அந்த மூன்றிலும் இரண்டு சேர்ந்தும் ஒன்று தள்ளியும் நிற்கவேண்டும். பசுவுக்கு இதை யார் சொல்வது? என்னைத்தான் சொல்லச் சொன்னார்.

ராஸிலிருந்து படகில் ஆட்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள் அல்லவா, அவர்கள் வளைவு திரும்பும்போது எங்கள் புகைபோக்கியில் நீலமாகப் புகை எழவேண்டும். ஜூலை மாதம் மச்சான்! பச்சை விறகைப் போட்டு ஊதி ஊதித்தான் உம் தங்கைக்கு இருமல் வந்தது. என் வேலை அதைவிடச் சுலபம், நான் கோலை ஊன்றிக்கொண்டு சும்மா நிற்கவேண்டும். கதிர் அறுப்பு நேரமாச்சே எஜமான் என்று கேட்டுப் பார்த்தேன். "உழைக்கிறவன் சித்திரத்துக்கு ஒத்துவரமாட்டான்யா. சும்மா நிக்கிறவன்தான் கண்ணுக்கு இதம்," என்றார். உம் தங்கை அதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குப் பொருத்தமான உத்தியோகம் இத்தனை வருஷம் கழிச்சாவது கிடைச்சுதே" என்றாள். நான் இதமாக நின்றுகொண்டிருந்த வாரத்தில்தான் என் பார்லி நனைந்தது.

வருகிறவர்கள் எங்களைப் பார்ப்பதாவது ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்! உள்ளங்கையளவு கறுப்புக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் பின்னால் இருப்பதெல்லாம் அதில் சின்னதாக, பொன்னிறமாகத் தெரியுமாம். பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் வீடு கண்ணாடியில் இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று ஒவ்வோர் அடியாகப் பின்னாலேயே நகர்ந்து வந்து எங்கள் எருக்குழியில் உட்கார்ந்துவிட்டாள். கெசியா ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, பாவாடையை அலசிக் கொடுத்தாள். அந்த அம்மாள் நல்லவள்தான். போகும்போது கூரையை அண்ணாந்து பார்த்து, "கொடுத்து வச்சவம்மா நீ, இந்தப் பாசிக்குக் கீழே தூங்கறியே," என்று கண்கலங்கினாள். கெசியா பதில் சொல்ல வாயெடுத்தாள், இருமல் முந்திக்கொண்டது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குப் பிராணசங்கடம்.

போன வாரம் மழை பிடித்தது. ஓர் இரவு முழுக்க அவள் உட்கார்ந்தே இருமினாள். விடிந்ததும் நான் தொப்பியை மாட்டிக்கொண்டு நேரே மேட்டுக்கு ஏறினேன். அங்கே துரை காட்சி பார்க்கவென்று போட்டிருக்கிற பலகையில் உட்கார்ந்திருந்தார். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சை நான் ஆரம்பிக்குமுன் அந்தக் கண்ணாடியை என் கையில் திணித்தார். "முதல்லே பாரு, அப்புறம் பேசு. அப்படி இல்லைய்யா, திரும்பிக்கோ!" நான் என் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். மச்சான், உம்மிடம் மறைக்க மாட்டேன். என் வீடு கட்டைவிரலளவு அதில் இருந்தது. மழை விட்ட வெயில் கூரையில் விழுந்து, பாசி தேன் நிறத்தில் மின்னியது. அப்போது கதவைத் திறந்துகொண்டு எறும்பு மாதிரி ஓர் உருவம் வெளியே வந்து குனிந்தது. துரை என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆஹா! பாத்தியா, அந்த உருவம்! அது இல்லாம காட்சியே இல்லைய்யா!"

"அது என் பெண்டாட்டி எஜமான். அவ கொட்டறது ராத்திரி எங்க படுக்கையிலே ஒழுகின தண்ணி."

துரை கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கி மறுபடி அவளைப் பார்த்தார். மனசு இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு மெதுவாக, "நாளைக்குக் கொட்டும்போது கொஞ்சம் இடப்பக்கமாத் தள்ளி நிக்கச் சொல்லேன்," என்றார்.

கெட்ட மனிதர் அல்ல மச்சான். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். மேட்டிலிருந்து பார்த்தால் இருமல் கேட்பதில்லை, அவ்வளவுதான். எனக்கே அங்கே நின்ற அந்தக் கொஞ்ச நேரம் கேட்கவில்லையே! அழகாக இருக்கிறது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். இறங்கி வரும்போது என்மேல் எனக்கு வந்த கோபத்தில் வழியில் நின்ற கழுதையை உதைத்தேன், அதுவும் திருப்பி உதைத்தது.

இந்தக் குளிர்காலத்தை இந்தக் கூரைக்குக் கீழே உம் தங்கை தாண்டுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் மிக்கேல் திருநாள் முடிந்ததும் துரை பாத் நகரத்துக்குப் போகிறார். நீர் வைக்கோல் வண்டியோடு உடனே வாரும். பாசியைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து வைத்துவிட்டு, புதுசாக வேய்ந்து, பாசியை மறுபடி மேலே பதித்துவிட்டால் தெரியாது. தெரிந்து துரத்தினால் துரத்தட்டும். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? இங்கே நிஜமாகவே தலைக்கு மேலேதான் போகிறது.

உமக்கும் உம் வீட்டாருக்கும் காய்ந்த விறகும் காய்ந்த படுக்கையும் கர்த்தர் என்றும் தருவாராக. முட்டுகிற ஆட்டுக்கும் என் வணக்கம்.

உம் தங்கையை நனையவிட்ட பாவி,
ஓபதையா ப்ராஸர்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடுப்பில் போடும். ஆறு பெருகி வண்டிக்காரன் வராததால் இந்தக் கடிதம் இங்கேயே கிடந்தது, அதற்குள் ஒரு புயல் வந்துவிட்டது. நல்ல வேளையாக நாங்கள் பசுக்களோடு கொட்டகையில் இருந்தோம். பாதிக் கூரை ஆற்றோடு போயிற்று, ஒரு சுவர் சரிந்தது. விடிந்ததும் துரை வந்தார். பார்த்தார். அழுதார். நான் ஆறுதல் சொல்லப் போனேன். "அழகுய்யா ப்ராஸர், அழகு! இப்பத்தான்யா முழுமையாச்சு!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அதில் இனி யாரும் குடியிருக்கக் கூடாதாம், ஐவிக் கொடி படரவிடப் போகிறாராம். எங்களுக்கு, மேட்டில் ஓக் மரங்களுக்குப் பின்னால் இருக்கிற வேட்டைக் காவலாளின் பழைய வீட்டைக் கொடுத்துவிட்டார். செங்கல், கல் ஓடு, நேர்நேரான சுவர். பார்க்க அவ்வளவு அசிங்கம். ஒரு சொட்டு ஒழுகவில்லை மச்சான்! கெசியாவுக்கு இருமல் பாதியாகிவிட்டது. நாலாவது பசு வெளியே வந்துவிட்டது. வைக்கோல் வேண்டாம்.

ஆனால் நீர் வரத்தான் வேண்டும். உம் தங்கையைத் தினமும் சாயங்காலம் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் மரங்களைத் தாண்டி ஈரப் புல்லில் நின்று கீழே பழைய வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திட்டினேன். "என்னங்க, நம்ம வீடு இவ்வளவு அழகா! உள்ளேயே இருந்ததுலே எனக்குத் தெரியவே இல்லையே," என்கிறாள். பனியில் நின்று நின்று விட்ட இருமலைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் போலிருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்தே பார்க்கலாம் என்றால் ஆற்றுப் பக்கம் ஜன்னல் இல்லை. மரங்களுக்கு இடையில் கண்ணாடி மின்னினால் தம் காட்சி கெட்டுப்போகும் என்று துரைதான் அதை அடைக்கச் சொன்னாராம். ஆகையால் உளியும் சுத்தியலும் கொண்டுவாரும். ஒரு தலை நுழைகிற அளவு போதும். துரை பாத்திலிருந்து திரும்புமுன் வாரும்.