குப்பை சார் வீட்டு நீலத் தொட்டி

நீலத் தொட்டியின் மூடியைத் திறந்த குப்பை சார், உள்ளே தன்னுடைய பனியன்களைக் கண்டார்.

பனியன்களுக்குக் கீழே தலையணை உறைகள், அதற்கும் கீழே மகளின் பள்ளிச் சீருடை. மேற்கொண்டு தோண்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இது என்ன?" என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அழுக்குத் துணி. நாளைக்குத் துவைக்கணும்."

"இது குப்பை போடற தொட்டி."

"இவ்வளவு நல்ல தொட்டியில போய் யாராவது குப்பை போடுவாங்களா? மூடி வேற இருக்கு."

குப்பை சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக் காலை அந்தத் தொட்டியைப் பார்க்கத்தான் மூன்று பெரிய கம்பெனிக்காரர்கள் அவர் வீட்டுக்கு வருகிறார்கள்.

அலுவலகத்தில் அவர் மேஜை மேல் 'மண்டலத் திட்ட அலுவலர்' என்று ஒரு பலகை உண்டு. தெருவில் குப்பை சார்தான். நாலு வருஷமாக ஒரே திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். மண்டலம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் காலி பாட்டில், டப்பா, கவர் எல்லாவற்றையும் கழுவித் தனியாக நீலத் தொட்டியில் போடவேண்டும். அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற செலவை, அந்தச் சரக்கைச் செய்து விற்ற கம்பெனிகளே ஏற்கவேண்டும். ஷாம்பூவை விற்றவன் பாட்டிலுக்கும் பொறுப்பு. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. கம்பெனிக்காரர்களைத் தவிர எல்லோருக்கும் பிடித்துப்போனது.

கம்பெனிகள் சார்பில் பேசியவர் சோப்புக் கம்பெனி மேனேஜர். வழவழவென்று பேசுவார், ஆனால் பிடி கொடுக்கமாட்டார். நேற்றைய கூட்டத்தில் அவர் இரண்டு சந்தேகம் கேட்டார்.

"உங்க தெருவுல சோதனைக்கு நடத்தினதா கணக்கு குடுத்திருக்கீங்க. அதுல ஒத்தை ஆள் வீடுன்னு ஒண்ணு. ஒரு வயசான அம்மா. மாசம் நாலு ஷாம்பூ பாட்டில் போடறாங்கன்னு இருக்கு. அந்த அம்மாவுக்குத் தலை ஒண்ணுதானே சார்?"

கூட்டம் சிரித்தது. குப்பை சார் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு நர்ஸம்மாவைப் பற்றிய கணக்கு அது. அதை வைத்துத்தான் மண்டலத்தில் தனியாக வாழ்கிற அத்தனை பேரின் குப்பைக் கணக்கையும் உயர்த்திப் போட்டிருந்தார். கம்பெனிகளின் பங்கும் அதற்கேற்ப உயர்ந்திருந்தது.

"தனியா இருக்கறவங்க நாம நினைக்கறதைவிட அதிகமா வாங்கறாங்க சார். இது கள ஆய்வு" என்றார்.

"சரி, விடுங்க. ஜனங்க கழுவியெல்லாம் போடமாட்டாங்க. அழுக்குக் குப்பைக்கு நாங்க ஏன் செலவு பண்ணணும்?"

அங்கேதான் குப்பை சாருக்கு நாக்கில் சனி. "எங்க வீட்டுல வந்து பாருங்க. சாதாரணக் குடும்பம். ஒரு கவர் தப்பாப் போகாது" என்றார்.

"வர்றோமே" என்றார் மேனேஜர். "பாத்துட்டு அங்கேயே முடிவு சொல்லிடறோம்."

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் குப்பை சார் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. கவரையோ பாட்டிலையோ சாதாரணக் குப்பையில் கலந்து போட்டால், வண்டிக்காரர்கள் கேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். அது அவரே போட்ட விதி. அதே தெருவில் இருக்கும் பாங்க்காரர் வீட்டு கேட் சிவப்பாகவே ஆகிவிட்டது. குப்பை சார் வீட்டு கேட்டில் இதுவரை ஒன்றுகூட இல்லை. அதிகாரி வீட்டைச் சேர்த்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தன் வீட்டை மட்டும் கணக்கிலிருந்து விட்டிருந்தார். அந்த நேர்மையை நினைத்து அவ்வப்போது தனக்குள் பூரித்துக்கொள்வதும் உண்டு.

"அப்ப நம்ம வீட்டுப் பாட்டில், கவர் எல்லாம் எங்கதான் போகுது?" என்றார் இப்போது.

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கேயோ போகுது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டல இல்ல? அதோட விடுங்க."

அவர் விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மண்டலத்தின் குப்பை எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொந்த வீட்டுக் குப்பை வாசலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாது.

"ஊருக்கு உபதேசம்" என்றாள் பத்தாவது படிக்கும் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

துணிகள் வெளியே வந்தன. தொட்டி காலி. காலித் தொட்டியைக் காட்டி என்ன நிரூபிக்கமுடியும்? குப்பை சார் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாப் பாட்டில்களும் முக்கால்வாசி நிரம்பி, அவரைக் கேலி செய்வதுபோல நின்றன.

"எல்லாத்தையும் கொட்டிக் காலி பண்ணுங்க" என்றார்.

"எதுல கொட்ட?"

"கிடைக்கறதுல."

ஷாம்பூ வாளிக்குப் போனது. பாத்திரம் கழுவும் திரவம் பால் பாத்திரத்துக்குப் போனது. எலுமிச்சை வாசனைச் சோப்புத்தூள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைக்கலம் ஆனது. பிஸ்கட்டுகளை மகள் வாயிலேயே கொட்டிக்கொண்டாள். அப்பா சொல்லி அவள் உடனே செய்த ஒரே வேலை அதுதான்.

பிறகு பாட்டில்களைக் கழுவ ஆரம்பித்தார். கழுவக் கழுவ நுரை வந்தது. குளியலறை நிரம்பி, கூடத்துக்கு வந்து, வாசல்படியில் இறங்கிய நுரையைப் பிடிக்கப் போய், குப்பை சாரும் வழுக்கி வாசல்படி வரை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார்.

மகள் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அப்பா, லேபிள்ல ஒரு கீறல்கூட இல்ல. ஒரே நாள்ல எல்லாம் எப்படித் தீர்ந்துச்சுன்னு கேக்கமாட்டாங்களா? அதுவும் வர்றவர் இந்தப் பாட்டிலைச் செய்யறவரே."

நியாயமான கேள்வி. அதனால் இன்னும் வலித்தது.

அப்போதுதான் அவருக்கு நர்ஸம்மாவின் தொட்டி ஞாபகம் வந்தது. ஓய்வுபெற்ற நர்ஸ். ஆபரேஷன் தியேட்டர் கத்திகளைக் கழுவிய கை. அவர் போடும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம். போன மாதம்தான் குப்பை சார் அவருக்குத் 'தெருவின் சிறந்த வீடு' என்று கோப்பை கொடுத்துப் பத்து நிமிஷம் புகழ்ந்தார். நர்ஸம்மா மைக்கைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். தன்னடக்கத்தைப் பாருங்கள் என்று சொல்லி இவர் கூட்டத்தைக் கைதட்ட வைத்துவிட்டார்.

"காலையில நர்ஸம்மா தொட்டியை எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

மனைவியின் முகம் வெளுத்தது. "அங்க மட்டும் போகாதீங்க."

"ஏன்?"

"ஏன்னா... வேண்டாம். வேற யார் வீட்டுக்காவது போங்க."

"கேட்டு வாங்கலாமேப்பா" என்றாள் மகள்.

கோப்பை கொடுத்த கையால் குப்பையைக் கேட்டு வாங்குவதா? அதற்குத் திருடுவதே மரியாதை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை நர்ஸம்மா வீட்டுப் பின்பக்கத்தில் குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குப்பை சார் தன் காலித் தொட்டியை அவர் கேட்டருகே வைத்துவிட்டு, நிரம்பிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். எதிரே பாங்க்காரர் நடைப்பயிற்சிக்கு வந்தார்.

"வயசானவங்களுக்கு நீங்களே தூக்கிக் குடுக்கறீங்களா சார்? பெரிய மனசு உங்களுக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கையில் தொட்டி இருந்ததால் குப்பை சாரால் திருப்பிக் கும்பிட முடியவில்லை. முகத்தையாவது மூடிக்கொண்டிருக்கலாம், அதற்கும் கை இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தக் கும்பிடு வீடு வரை அவரைக் குத்திக்கொண்டே வந்தது.

வந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். சோப்பு மேனேஜர், எண்ணெய்க் கம்பெனிக்காரர், பிஸ்கட் கம்பெனிக்காரர். மனைவி டீ கொண்டுவந்தாள். டீயின் மேல் நுரை கொஞ்சம் அதிகமாகவே நின்றது.

மேனேஜர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். நின்றார். மறுபடி முகர்ந்தார்.

"இது எங்க எலுமிச்சை வாசனை இல்ல?"

சமையலறையில் சர்க்கரையும் சோப்புத்தூளுமாக இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் இரட்டைப் பிள்ளைகளாக நிற்பது குப்பை சாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "டீ வேண்டாம் சார், வெயில் ஏறிடும், முதல்ல தொட்டியைப் பாத்துடலாம்" என்று மூன்று கோப்பைகளையும் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

தொட்டியைப் பார்த்ததும் மேனேஜரின் தோரணையே மாறிவிட்டது. பாட்டில்கள் பளிச்சென்று இருந்தன. மூடிகள் தனி, கவர்கள் தனியாக மடித்து அடுக்கி இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

"இதைத்தான் சார் நான் கேட்டேன்."

பிறகு ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். தலைமுடிக்கு அடிக்கும் கறுப்புச் சாயம்.

குப்பை சார் திகைத்தார். நர்ஸம்மாவின் தலை பஞ்சுபோல வெள்ளை. இதை வாங்கி என்ன செய்தார்? போட மனசு வராமல் தூக்கிப் போட்டிருப்பார் போல.

"உங்களுதா சார்?" மேனேஜர் குப்பை சாரின் கருகரு முடியைப் பார்த்தார். எண்ணெய்க்காரரும் பார்த்தார்.

இல்லை என்றால் தொட்டி தன்னுடையது இல்லை என்று ஆகும். குப்பை சார் தலைகுனிந்தார். "என்னோடதுதான்" என்றார். அந்த ரகசியத்தைப் பதினோரு வருஷமாக அலுவலகத்தில் காப்பாற்றிவந்தார். அடுத்தவர் டப்பாவை வைத்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்துபோனார்.

அடுத்ததாக ஒரு முகப்பரு கிரீம் குழாய் வந்தது. எழுபது வயதில் முகப்பருவா என்று அவர் யோசிப்பதற்குள், மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன கோபமோ.

"போதும் சார்" என்றார் மேனேஜர். "ஒரு சாதாரணக் குடும்பம் இப்படிச் செய்யும்னா நாங்க ஒத்துழைக்கத் தயார். இப்பவே சொல்லிடறோம்..."

கேட் கிரீச்சிட்டது. நர்ஸம்மா நின்றிருந்தார். இரண்டு கைகளிலும் குப்பை சாரின் காலித் தொட்டியைப் பிடித்திருந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

அந்தத் தொட்டியைப் பார்த்ததும் குப்பை சாருக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு வருஷ உழைப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் அரை நிமிஷம் நின்றால் போதும். ஆனால் வயதான ஒரு பெண்மணி, திருட்டுப்போன தன் குப்பையைத் தேடி மூச்சிரைக்க வந்து நிற்கும்போது அவரால் நிற்க முடியவில்லை.

"சார், நான் உங்களை ஏமாத்திட்டேன்" என்றார். "இந்தத் தொட்டி இவங்களோடது. காலையில இவங்களுக்குத் தெரியாம நான்தான் தூக்கிட்டு வந்தேன். எங்க வீட்டுத் தொட்டியில என் பனியன்தான் சார் இருந்தது. மானம் போயிடுமேன்னு இப்படிப் பண்ணிட்டேன். அம்மா, என்னை மன்னிச்சுடுங்க."

மனைவி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்று விருந்தாளிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சோப்பு மேனேஜர் நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "நீங்கதானா அந்தத் தனி வீட்டு அம்மா? மாசம் நாலு ஷாம்பூ பாட்டில்?"

நர்ஸம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் குப்பை சாரின் தோளில் கைவைத்தார்.

"சார், வெக்கப்படாதீங்க. பண்ணினது தப்புதான், ஆனா யாரும் கேக்காமலே ஒத்துக்கிட்டீங்க. அது எனக்குப் போதும். உங்க வீடு பொய்யா இருந்தாலும் உங்க கணக்கு நிஜம். நான்தான் நம்பாம கிண்டல் பண்ணினேன். தனியா இருக்கற ஒருத்தர் இவ்வளவு பொருள் வாங்கி, இவ்வளவு சுத்தமாக் கழுவியும் போடறாங்கன்னா, இந்த மண்டலத்துல உங்க திட்டம் நிச்சயமா நடக்கும். எங்க பங்கை நாங்க குடுக்கறோம்."

குப்பை சாரின் கண்கள் நிறைந்தன. உண்மை கைவிடாது என்று சின்ன வயதில் படித்தது சும்மா இல்லை. அவர் நர்ஸம்மாவின் கையிலிருந்த காலித் தொட்டியை வாங்கிக்கொண்டு, நிரம்பிய தொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி அவரிடம் நீட்டினார்.

"உங்க குப்பைதாம்மா என்னைக் காப்பாத்துச்சு. எடுத்துட்டுப் போங்க."

நர்ஸம்மா தொட்டியைப் பார்த்தார். தலைப்பில் மூடிய முகத்தோடு நிற்கும் அவர் மனைவியைப் பார்த்தார்.

"என் குப்பையா? எனக்கேது தம்பி இவ்வளவு குப்பை? வாரத்துக்கு ஒரு பிஸ்கட் கவர் விழுந்தா பெரிசு. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டா உங்களுக்கு அசிங்கம்னு, உங்க வீட்டம்மா தினம் கொண்டாந்து குடுக்கறதுதான் இவ்வளவும். கழுவறது மட்டும்தான் நான்."