பஸ் கேட்க நேரில் வந்தவர்

மக்கள் கருத்துக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் அலுவலகம் எங்கள் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தைத் தவிர உலகத்தில் வேறு கிடையாது. ஓடிக்கொண்டிருந்த ஒரே பஸ்ஸையும் நிறுத்திவிட்டு, "பஸ் தேவைப்படுவோர் நேரில் வந்து தெரிவிக்கவும்" என்று பணிவோடு அறிவித்தது. யாரும் வராவிட்டால் "தேவை இல்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். அலுவலகம் இருந்தது ஊரின் மறுகோடியில், மேம்பாலத்துக்கும் அப்பால்.

தெருவே கூடிக் கொத்தனாரை அனுப்ப முடிவு செய்தது. பேச்சுத் திறமைக்காக அல்ல. அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. பஸ் நின்றதிலிருந்து அவர் கூலியில் பாதி அதன் வயிற்றுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடாமல் கிடந்த தன் வண்டியில் டியூபைப் போட்டு உறிஞ்சி, ஒரு டம்ளர் பெட்ரோல் கொண்டுவந்தார். "ஒரு வாய் உள்ளே போயிடுச்சு தம்பி. விக்கிற விலைக்குத் துப்ப மனசு வரல."

"அண்ணே, இன்னிக்குப் பூரா பீடி பத்த வச்சிடாதீங்க" என்றாள் கொத்தனாரின் மனைவி. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "பஸ்ஸோட வாங்க. வெறுங்கையோட வந்தா, அந்த மொபெட்டையே சோறு பொங்கிப் போடச் சொல்லுங்க."

மேம்பாலம் ஏறுவதற்குள் மொபெட் இருமிவிட்டு நின்றது. பக்கத்திலேயே பங்க். விலைப் பலகையில் ஏணி சாத்தி ஒரு ஆள் மேலேயே குடியிருந்தான். விலை மாறுகிற வேகத்துக்கு ஏறி இறங்கக் கட்டுப்படியாகாது என்று சாப்பாடும் அங்கேயே. பங்க் முதலாளி பெரிய "மக்கள் தொண்டர்". கல்லாவில் அவரே உட்கார்ந்து தொண்டாற்றுவார்.

வரிசை நகர்வதற்குள் பலகை மூன்று தடவை நகர்ந்தது. கொத்தனார் நீட்டிய நோட்டைப் பெட்ரோல் போடுகிறவர் பரிதாபமாகப் பார்த்தார். "இதுக்கு வாசனை வேணா பிடிச்சுக்குங்கண்ணே."

"முதலாளி, இது பழைய விலைக்கு வந்த சரக்குதானே?"

"அது நான் வாங்கின விலை. அதை நெனச்சு நீ ஏன்யா வருத்தப்படுறே?"

இவ்வளவு அக்கறையைக் கொத்தனார் எதிர்பார்க்கவில்லை. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்கினார். வேர்த்து விறுவிறுத்து அலுவலகத்துக்குள் நுழைந்தால், அதிகாரிக்குப் பக்கத்தில் "பயணிகள் பிரதிநிதி" என்ற அட்டையோடு அதே முதலாளி. காரில் முந்திக்கொண்டு வந்திருந்தார்.

"பஸ் வேணும் சார்."

"எதுல வந்தீங்க?" என்றார் அதிகாரி.

"மொபெட்ல."

"வண்டி வச்சிருக்கிறவருக்கு பஸ் எதுக்கு?"

"அது பாதியிலேயே நின்னுடுச்சு சார். நடந்துதான் வந்தேன்."

"நடக்கத் தெம்பு இருக்கிறவனுக்கு பஸ் எதுக்கு?" என்றார் பயணிகள் பிரதிநிதி.

"முடியாதவங்க எப்படிங்க இங்க வருவாங்க?"

"அதையேதான் நாங்களும் கேக்கிறோம். அவ்வளவு தேவைன்னா வந்திருக்க மாட்டாங்களா?"

கோப்பு ஒருமனதாக மூடப்பட்டது. ஆனாலும் ஈர நெஞ்சக்காரர்கள். நடந்து களைத்தவர்கள் உட்கார, பங்க்கை ஒட்டி ஒரு பஸ் நிறுத்த நிழற்குடை, முதலாளி உபயம், என்று தீர்மானித்தார்கள். கட்டுகிற வேலை வந்தவருக்கே.

"பஸ் எங்கே?" என்றாள் மனைவி.

"ஸ்டாப்பு கிடைச்சிருக்கு."

அன்றைக்கு மொபெட்தான் பொங்க வேண்டியிருந்தது.

திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டிவிட்டு உட்காரப் போன அதிகாரி திகைத்தார். பெஞ்சு ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பங்க்கின் விலைப் பலகையைப் பார்த்தபடி இருந்தது.

"என்னய்யா கொத்தனாரே, திருப்பிக் கட்டி வச்சிருக்கே?"

கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சரியாத்தான் சார் கட்டியிருக்கேன். அந்தப் பக்கம் எதுவும் வராதுன்னு நீங்கதானே முடிவு பண்ணீங்க? இந்தப் பக்கம்தான் நேரம் தவறாம வருது. உக்காருங்க."

ஏணியில் இருந்தவன் கையைத் தூக்கினான்.

"அதோ, வந்துடுச்சு பாருங்க."