பசை போட்டாலும் ஒட்டாது

அன்புள்ள மைத்துனனுக்கு,

நீயும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம். அதைக் கெடுத்தவனே நீதான்.

"மாப்பிள்ளை வீட்டுல ஸ்பானிஷ்தான் பேசுவாங்க அத்தான், நாலு வார்த்தை கத்துக்கிட்டா மரியாதையா இருக்கும்" என்று என்னை வகுப்பில் சேர்த்துவிட்டவன் நீ. முப்பத்தைந்து வருடம் சோபாவுக்கு உறை தைத்தவன் நான். எந்த உறைக்கு எந்தத் திரைச்சீலை பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால் ‘பொருந்துகிறது’ என்பதற்குப் பேச்சுவழக்கில் என்ன சொல்வார்கள் என்றுதான் ஆசிரியையிடம் முதலில் கேட்டேன். ‘பேகா’ என்றார். அகராதியைப் பார்த்தால் ஒட்டுதல் என்றும் போட்டிருக்கிறது, அடித்தல் என்றும் போட்டிருக்கிறது. "எதுங்க சரி?" என்றால், "எல்லாமே சரிதான்" என்கிறார்! அதற்கு வேறு சொல் கேட்டால் ‘அஸேர் ஹுவேகோ’வாம். பிரித்துப் பார்த்தால் ‘விளையாட்டு செய்’. சோபாவும் திரைச்சீலையும் எதற்கப்பா விளையாட வேண்டும்?

அதோடு விட்டாரா? ‘நோ பேகான் நி கோன் கோலா’ என்று பலகையில் எழுதினார். விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. கோலா என்றால் குடிக்கிற கோலா இல்லையாம், பசையாம். இதுவும் அகராதி சொன்னதுதான். நானே கூட்டிப் பார்த்தேன்: பசையே வேண்டாம், தானாக ஒட்டிக்கொள்கிற ஜோடி! என்ன அழகான வாழ்த்து என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் சாப்பிட வந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றேன். மகளையும் மாப்பிள்ளையையும் கைகாட்டி, நெஞ்சை நிமிர்த்தி, "நோ பேகான் நி கோன் கோலா!" என்றேன். மாப்பிள்ளையின் கரண்டி தட்டில் விழுந்தது. சம்பந்தியம்மாள் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"அப்பா! பசை போட்டாலும் ஒட்டாத ஜோடின்னு சொல்லிட்டீங்கப்பா!" மகள் அழாத குறை.

பதறிப்போய் அந்த ‘ஹுவேகோ’வை எடுத்துவிட்டேன். அது வாயில் திரிந்து, ‘இவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று வந்து தொலைத்தது. பேசி முடித்த கல்யாணம் விளையாட்டாம்! உன் அக்கா பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மாள் மெல்ல எழுந்து வந்தார். கோடு போட்ட என் சட்டையைத் தொட்டார். கட்டம் போட்ட என் பேன்ட்டைக் காட்டினார். "நி கோன் கோலா" என்றார். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை சிரித்தார், மகள் சிரித்தாள், உன் அக்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கல்யாணம் பிழைத்தது. ஆனால் துணிக்குத் துணி பொருத்தம் பார்த்தே குடும்பத்தைக் காப்பாற்றியவனின் மானம்?

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் போய் வகுப்பிலிருந்து என் பெயரை அடித்துவிட்டு வா. இனி அந்த வீட்டாரிடம் நான் வாய் திறப்பதாக இல்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கு இப்போதைக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்ட அத்தான்

பின்குறிப்பு: சம்பந்தியம்மாள் இப்போதுதான் போன் செய்தார்; மகள்தான் தமிழில் சொன்னாள். மூத்த மருமகள் வீட்டார் ஏழு வருடமாகத் தலையை மட்டும் ஆட்டுகிறார்களாம். தன் மொழியில் பேசத் துணிந்த முதல் சம்பந்தி நான்தானாம். கல்யாணத்தன்று பெண் வீட்டுச் சார்பில் நானே ஸ்பானிஷில் பேச வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். பெயரை அடிக்காதே. உன் அக்காதான் உன்னை உடனே கிளம்பி வரச் சொல்கிறாள். அவளும் மகளும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ ஆலோசனை செய்கிறார்கள்.