இருநூற்று மூன்றாம் பக்கத்தில் என் பெயர்

அன்பு மைத்துனர் சௌந்தரபாண்டியனுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தான் கருத்தையா எழுதுவது. உனக்கும் மாரிச்செல்விக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டாள் புண்ணியத்தில் ஒரு குறையும் இராது என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா செல்லக்கனி சுகம், மகள் சிவரஞ்சனி சுகம். எனக்கு மட்டும் நேற்று மத்தியானத்திலிருந்து சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும், வாட்ஸ்அப்பில் போட்டால் சிவரஞ்சனி பார்ப்பாள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

நம் மாடியில் ஆறு வருஷமாகக் குடியிருக்கும் வெள்ளைக்காரர் எட்மண்டை உனக்குத் தெரியும். அவர் கதை முழுக்கத் தெரியாது. இங்கிலாந்தில் இரண்டு நாவல் எழுதினாராம், இரண்டாவதை அவருடைய அம்மாவே பாதியில் மூடி வைத்துவிட்டாராம். பிறகு பதினேழு வருஷம் அகராதி ஆபீசில் வேலை. சண்டைக்கு நடுவில் "அதை இன்னொரு தடவை சொல்லு" என்று நோட்டை எடுத்ததால் பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள். செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற மலை அணில் பார்க்க வந்த மனுஷன், நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெண்கள் போட்ட சண்டையில் பதினாலு வார்த்தை எழுதிக்கொண்டார், பஸ்ஸை விட்டார், இங்கேயே தங்கிவிட்டார். அன்று ஆரம்பித்ததுதான் உங்கள் சிவகாசி பிரஸ்ஸில் இப்போது ஓடப்போகிற நம் வட்டாரப் பேச்சு அகராதி.

அவருக்கு ஒரு கொள்கை. ஒவ்வொரு வார்த்தைக்கும் உதாரண வாக்கியம் உண்டு, அதைத் தானாக ஒருநாளும் எழுதமாட்டார். யாராவது நிஜமாகவே வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன ஆள், ஊர், தேதி எல்லாம் சீட்டில் ஏறிவிடும். நம் பெயர் புத்தகத்தில் வருகிறதே என்று நானும் மாடிக்குப் போய் உட்கார்ந்து உட்கார்ந்து பேசினேன். நேற்று புரூப் வந்தது. ஆசையாகப் பிரித்தேன். உன் அக்கா பெயரில் அறுபத்து மூன்று வார்த்தை, அதில் நாற்பது என்னைப் பற்றி. அது போகட்டும், தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். இருநூற்று மூன்றாம் பக்கம் திருப்பினேன். 'நொட்டை', அதாவது குறை, என்ற வார்த்தைக்குக் கீழே இப்படி இருக்கிறது: "சம்பந்தி சமுத்திரம் நொட்டை சொல்லுததுக்குன்னே வாராரு. மூணு தடவை சாம்பார் வாங்கி ஊத்திக்கிட்டு, பொறவு உப்பு இல்லைங்காரு." சொன்னவர் கருத்தையா. தேதி, சிவரஞ்சனி நிச்சயதார்த்தத் தேதி. நான் இல்லை என்று சாதிக்கக்கூட வழியில்லை!

மாடிக்கு ஓடினேன். "எடுத்துருங்க எட்மண்டு" என்றேன். "நீங்க சொன்னது நெசமா பொய்யா அண்ணாச்சி?" என்றார். "நெசந்தான்" என்றேன். "அப்ப இருக்கட்டும்" என்றார். "கூறுகெட்ட மனுசா, எம்மவ கல்யாணம்யா!" என்று கத்தினேன். அவர் செத்த நேரம் சீட்டுப் பெட்டியைத் துழாவிவிட்டு, "'கூறுகெட்ட' நம்மட்ட இருக்கு அண்ணாச்சி, உங்க வீட்டம்மா போன வருசமே குடுத்துட்டாவ" என்றார். இவரிடம் என்ன பேச, சொல்லு?

வெளியீட்டு விழா பதினைந்தாம் தேதி, கல்யாணம் இருபத்து நாலு. முதல் பிரதி வாங்கப்போவது யார் தெரியுமா? சம்பந்திதான். ராஜபாளையத்தில் அவருடைய மரக்கடையில் அலமாரி செய்த பழக்கத்தில் எட்மண்டே அழைத்திருக்கிறார். சமுத்திரம் பந்தியில் இலை திரும்பியிருந்ததற்கே கோபித்துக்கொண்டு எழுந்தவர். அவர் மகன் விக்னேஷ்வரன் தங்கமான பையன், சிவரஞ்சனி அவன் பெயரைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துபோகிறது. ஒத்தப் பிள்ளை, என் வாயால் அவள் கல்யாணம் நின்றால் நான் எப்படி உயிரோடு இருப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது மாப்ளே. நீ பிரஸ்ஸில் போர்மேன், மனசு வைத்தால் நடக்கும். என் பெயரை எடுத்துவிட்டு 'கூமாப்பட்டிக்காரர் ஒருவர்' என்று போடு. முடியாவிட்டால் அந்த இடத்தில் கொஞ்சம் மையைக் கொட்டிவிடு. அதுவும் முடியாதென்றால் மிஷின் ரிப்பேர் என்று கல்யாணம் முடியும்வரை இழுத்தடி.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, நோய் நொடி இல்லாமல், வாயை அடக்கி வாழ என் ஆசீர்வாதம்.

உன் அத்தான்,
கருத்தையா

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரம் சம்பந்தி போன் பண்ணினார். அவர் சொன்ன வரி இருக்கிற பக்கத்தை மட்டும் எட்மண்ட் அவருக்கு அனுப்பியிருக்கிறார். "சம்பந்தி, ஒங்க மச்சினன் சிவகாசி பிரஸ்லதான இருக்காவ? நூத்தி எம்பதாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு, ஒங்க காதுக்கு வாரதுக்கு முன்னால எப்படியாவது எடுக்கச் சொல்லுங்க" என்றார். எடுத்துவிடலாம் என்று பெருந்தன்மையாக வாக்குக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்ப் பார்த்தேன். வார்த்தை 'தொணதொணப்பு'. சொன்னவர் சமுத்திரம், அதே நிச்சயதார்த்தத் தேதி: "அந்த ஆளு தொணதொணப்புதான் தாங்கல. ஆனா அந்தப் பிள்ளைக்காக இன்னும் நூறு வருசம் கேக்கலாம்." மாப்ளே, அவர் வரியையும் தொடாதே, என் வரியையும் தொடாதே. நூற்று எண்பதாம் பக்கத்துக்கு மட்டும் மையைக் கொஞ்சம் அழுத்தமாக விடு, எழுத்து பளிச்சென்று தெரியட்டும்.