மஞ்சள் குடைக்குப் பின்னால்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். எங்கள் முழங்கால்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. உங்கள் சுகத்துக்கும் மகள் சுகத்துக்கும் எழுதவும்.

துறைமுக நகரை நடந்தே சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்தீர்கள். மணிக்கூண்டடியில் மஞ்சள் குடையோடு வழிகாட்டி நிற்பார், பின்னால் போனால் போதும் என்றீர்கள். மஞ்சள் குடையோடு ஒரு அம்மா நின்றார், பின்னால் போனோம். முதலில் செருப்புக் கடை. அறுந்த செருப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். பழங்காலக் கைத்தொழில் என்று அத்தைக்கு விளக்கினேன். அடுத்து ஒரு பல் ஆஸ்பத்திரி. எல்லாரும் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் ரொம்ப யோசிப்பவர்கள் என்று சொல்லி உட்கார்ந்தவன், ஃபேன் காற்றில் கண்ணயர்ந்துவிட்டேன். பிறகு மீன் சந்தை. வாங்கிய மீனை என் கையில் கொடுத்தார். இதுவும் சுற்றுலாவில் ஒரு அனுபவம்போல என்று சந்தோஷமாகத் தூக்கினேன். கடைசியில் ஒரு மாடி வீடு. அந்தம்மா பையிலிருந்து சாவியை எடுத்தபோதுதான் இவர் வழிகாட்டியே இல்லை என்று எனக்கு உறைத்தது.

“யார் சார் நீங்க? காலைலேர்ந்து என் பின்னாடியே வர்றீங்க?”

இத்தனை காலம் பஸ் ஓட்டியவன் மாப்பிள்ளை நான்! ஒரு தெரு மாறிப் போனதில்லை. அத்தை கீழே மூச்சு வாங்க ஏறி வருகிறாள். தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளே! “அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன். இதுவும் பார்க்க வேண்டிய இடம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றேன்.

புண்ணியவதி, கதவை அகலமாகத் திறந்தார். பால்கனியிலிருந்து துறைமுகம் முழுதும் தெரிந்தது. சிறுவயதிலிருந்து கப்பல் பார்க்க ஆசைப்பட்ட அத்தை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. டீ வேறு கிடைத்தது.

நாங்கள் வரவே இல்லை என்று சுற்றுலாக்காரர்கள் உங்களுக்குப் போன் செய்வார்கள். அத்தை காதில் போட்டுவிடாதீர்கள். என் மானம் உங்கள் கையில்.

நீங்கள் இருவரும் என்றும் வழி தவறாமல் வாழ வாழ்த்தும்,
மாமா

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். ஸ்டாம்பு ஒட்டச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தார். மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மஞ்சள் குடையும் ஒரு கூட்டமும் நின்னதை அப்பவே பார்த்துட்டேன். சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள ரோடு தாண்ட என் கையைப் பிடிச்சவர், அப்புறம் தெருவுல நடக்கறப்போ விடவே இல்லை. இத்தனை வருஷமா அவர் பஸ்ஸை ஓட்டுவார், நான் பின்சீட்ல உட்காருவேன். பக்கத்துல நடந்ததே இல்லை. அதான் பேசாம நடந்தேன். பல் ஆஸ்பத்திரியில இவர் குறட்டை விடறப்போ அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லி, கப்பல் தெரியற இடம் இருக்கான்னு கேட்டேன். எங்க வீட்டுக்கே வாங்கன்னாங்க. வாசல்ல அவரைக் கொஞ்சம் மிரட்டச் சொன்னதும் நான்தான். மாமா காதுல போட்டுடாதீங்க.